கணக்கில் விட்டுப்போன ஆள்

வல்லிநாயகம் அண்ணாச்சிக்கு நான் தர வேண்டியது மூவாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். பூட்ஸ், பெல்ட், காக்கித் துணி, தையல் கூலி எல்லாம் சேர்ந்து. வடகரையில் அவருடைய தேங்காய்க் களத்தில் பதினாறு வருஷமாக மூட்டை தூக்குகிறவன் நான். முதுகு இனி ஒத்துவராது என்று தெரிந்தபோது, நாற்பது வயசில் பத்தாவது எழுதிப் பாஸாகி ஊர்க்காவல் படையில் சேர்ந்தேன். அங்கே மாசச் சம்பளம் கிடையாது, டியூட்டிக்குப் போகிற நாளுக்கு மட்டும் படிக் காசு. கடன் கொடுத்தபோது அண்ணாச்சி ஒன்றுதான் சொன்னார்.

"களத்துக்கு வர்ற வரைக்கும் மெள்ளக் குடுலே. வேலைய விட்டா மொத்தமா வச்சிரணும்."

தென்காசி மைதானத்தில் விடிகாலைப் பயிற்சி. முந்தின நாள் மூட்டை தூக்கிய கால் மடங்காது. உயரம் என்பதால் வரிசையில் என்னை முதல் ஆளாக நிறுத்தினார்கள். "நம்பர் சொல்" என்று ஏட்டு முத்துசெல்வி மேடம் கத்தியதும் நான் "லாபம்" என்றேன். களத்தில் காய் எண்ணுகிறவன் ஒன்று என்று தொடங்க மாட்டான். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போவான்.

"ஏன்யா, இங்கன என்ன யாவாரமா நடக்கு? ரெண்டு ரவுண்டு ஓடு."

மூன்று நாள் ஓடிய பிறகு வாய் திருந்தியது. ஆனால் வேகமாக எண்ணுவேன் என்று மேடம் கண்டுபிடித்துவிட்டார். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் என்னை அருவிக் கயிற்றருகே நிறுத்தினார். நாற்பது பேராக உள்ளே விட வேண்டும். தண்ணீர் கூடினால் வெளியேற்றி, நாற்பது பேரும் வந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

"கெஞ்சாத. கையப் பிடிக்காத. முன்னால நின்னு விசில் அடி. ஆள் நகர்ற வரைக்கும் அடி." பயிற்சியில் இதைத்தான் நூறு தடவை சொன்னார்.

ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, மலைமேல் மழை என்று தகவல் வந்தது. விசிலடித்தோம். முனகிக்கொண்டே வந்தார்கள். எண்ணினேன். நாற்பது.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு மேடம்."

சொல்லிவிட்டுத் திரும்பினால் பாறையோரம் அண்ணாச்சி, தலை நிறைய எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கும்பிட்டேன், எண்ணவில்லை. சாயங்காலம் கூலிக்கு ஆள் எண்ணும்போது நடுவில் நிற்கும் முதலாளியை யாரும் எண்ணுவதில்லை. அந்தப் பழக்கம்.

பேசாமல் இருந்துவிடலாம். கணக்கு சரியாக இருக்கிறது. அவரை எழுப்பினால் களத்து வேலை போகும், கடன் மொத்தமாகக் கழுத்துக்கு வரும். கால் வேறு கடுத்தது.

"மேடம், தப்பா எண்ணிட்டேன். உள்ள ஒரு ஆள் இருக்கு. என் முதலாளி."

"தண்ணிக்கு அது தெரியுமா? போய்யா."

போனேன்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க."

"எண்ணெ இன்னும் போகலலே. பத்து நிமிசம்."

முன்னால் நின்று விசிலடித்தேன்.

"ஏலே! நான் வாங்கிக் குடுத்த பூட்ஸப் போட்டுக்கிட்டு என் மூஞ்சியிலயே ஊதுதியா?"

திரும்ப ஊதினேன். படியில் நின்ற கூட்டம் சிரித்தது. "பெருசு, எந்திரி! உன்னாலதான் லேட்டு" என்று ஒருத்தன் கத்தினான். அண்ணாச்சி துண்டை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

தண்ணீர் வந்தது. கொஞ்சம் செம்மண், நாலு சுள்ளி. அரை மணி நேரத்தில் வடிந்து, மறுபடி ஆள் விட்டோம். உயிரைக் காப்பாற்றினேன் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் களத்தில் அண்ணாச்சி காத்திருந்தார்.

"இந்தத் தண்ணிக்காலே அத்தன பேர் முன்னால என்னய எழுப்புன? மூவாயிரத்து நூத்தி நாப்பது. வச்சிட்டுப் போ. இனி இங்கன வராத."

"ஒரு மாசம் குடுங்க அண்ணாச்சி."

"ஒரு மாசந்தான்."

அந்த மாசம் செங்கோட்டைப் பக்கம் வேறொருத்தர் களத்தில் மூட்டை, சனி ஞாயிறு அருவி. பெண்டாட்டி மாரித்தாய் என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "அந்த மனுசன் தானா எந்திரிச்சு வந்திருப்பாருல்லா?" என்றாள். வந்திருக்கலாம் என்றேன்.

படிக் காசும் கூலியும் சேர்த்துக் கொண்டுபோய் வைத்தேன். அண்ணாச்சி இரண்டு தடவை எண்ணினார். நோட்டில் என் வரியை அடித்து, ஏதோ எழுதி, "படிச்சுப் பாத்துக்க" என்று என் பக்கம் தள்ளினார். மெதுவாகப் படித்தேன். மணிமுத்து, பூட்ஸ் வகை, பற்று தீர்ந்தது.