மூன்றாவது கேள்வி

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துச் சிவகௌரி கட்டிக்கொண்டிருந்தபோது அழகன் வாசலில் வந்து நின்றான். தொழிற்சங்கத் தலைவர் நல்லமுத்துவின் செயலாளர். தலைவர் இரங்கலுரை ஆற்ற வருகிறாராம். எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லையாம்.

"ஒங்களுக்குத்தான் மாஸ்டரோட எழுத்து நடை தெரியும்."

அவள் முடிச்சை இறுக்கினாள். "எழுதித் தாறன்."

யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்தின் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ் படிப்பிக்க வந்த அவளுடைய அப்பா தம்பு மாஸ்டர்தான் நல்லமுத்துவைப் பேச்சாளராக்கியவர். பழம்பாடல்களில் அரசவை முன் நின்று நீதி கேட்டவர்களின் பேச்சு முறையை அவர் தோட்டத்து மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு சிறிய கேள்வி, அதைவிடப் பெரியது ஒன்று, பிறகு மூன்றாவது. பதிலைப் பேசுகிறவன் சொல்லக்கூடாது. கேட்கிறவர்கள் சொல்ல வேண்டும். அப்படி அப்பா எழுதிய பேச்சுகளை எல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தவள் சிவகௌரி.

தொண்ணூறுகளில் ஒருநாள் புலிச் சந்தேகத்தில் அப்பாவைப் பொலிஸ் கொண்டுபோனது. ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அம்மா நல்லமுத்துவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவரோ, இந்த ஆளைத் தெரியாது என்று பொலிஸில் சொல்லிவிட்டார். அப்பா திரும்பி வந்தபோது வலக்கை விரல்கள் மடங்கவில்லை. அதன்பின் அவர் எழுதவில்லை. பழைய பேச்சுகளையே ஊர்ப்பெயர் மாற்றிப் பேசி நல்லமுத்து மாகாண சபைக்குப் போனார். தோட்டம் முழுக்க இது தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

நல்லமுத்து பிந்தித்தான் வந்தார். எழுதித் தந்ததை முன்கூட்டி வாசித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சவப்பெட்டியருகே நின்று தாளை விரித்தார்.

"ஒங்க புள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"மாஸ்டருதான்," என்றது கூட்டம்.

"எனக்குப் பேசச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"மாஸ்டருதான்."

தாளைப் புரட்டினார். குரல் பழக்கத்தில் தானாக உயர்ந்தது.

"அந்த மாஸ்டர பொலிஸ் புடிச்சப்ப, தெரியாதுன்னு சொன்னது யாரு?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. கொழுந்து பறிக்கும் மீனம்மா பின்வரிசையிலிருந்து நிதானமாகச் சொன்னாள்.

"நீங்கதான்."

பக்கத்திலிருந்தவளும் அதையே சொன்னாள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை.

நல்லமுத்து தாளைப் பார்த்தார். அதன்கீழ் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து சிவகௌரியைப் பார்த்தபோது, அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு குனிந்து, அப்பாவின் நெற்றியில் உட்கார்ந்திருந்த ஈயை ஓட்டினாள்.