சிமென்ட்டில் புதைத்த மெஷின்கள்

சாவியை மட்டும் கொடுத்துவிடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தம்பி ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தான். கட்டடம் கைமாறுகிறது, கடையின் வாடகை ஒப்பந்தம் மறுநாள் சாயங்காலத்தோடு முடிகிறது, காலி செய்தாக வேண்டும். அதெல்லாம் சலவைக்கடைக்காரிக்குத் தெரியாதா என்ன? பின்தெருவில் வேறு இடமும் பிடித்து வைத்துவிட்டாள். மூன்று பெரிய துவைக்கும் மெஷின்களையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் பிழைப்பு ஓடும். அவை இல்லாமல் குத்த வைத்துக் கையால் துவைக்கிற வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

தெருவில் அவளுக்கு நுரையக்கா என்று பெயர். சட்டென்று பொங்குவாள், சட்டென்று அடங்கிவிடுவாள் என்று கேலி. அன்றைக்குப் பொங்கியதுதான் அடங்கவே இல்லை.

கட்டடத்தை வாங்குகிறவரின் ஆள் ஒருவன் தம்பியோடு கடைக்கு வந்து அளவு நாடாவை விரித்தான். சுவரை அளந்தான், கதவை அளந்தான், கடைசியில் மெஷின்களைத் தட்டிப் பார்த்தான்.

"நல்ல கண்டிஷன்ல வச்சிருக்கீங்க. இந்த மூணும் சேர்த்துத்தானே விலை பேசியிருக்கு? உங்க தம்பிதான் சொன்னார், ஓடிக்கிட்டிருக்கிற கடையா அப்படியே கைக்கு வந்துடும்னு."

நுரையக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். அவன் வீடு, மனை, கடை விற்று வாங்கித் தருகிற புரோக்கர். கட்டடத்தை விற்கிற பழைய சொந்தக்காரரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போய் விட்டதே இவள்தான். நம்ம பையன், நம்பிக்கையா இருப்பான் என்று தன் வாயாலேயே வேறு சொல்லித் தொலைத்திருந்தாள்.

அளவு நாடாக்காரன் போனதும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா இது? யார் வீட்டுச் சாமானை யாருக்குடா விலை பேசுறே?"

"கத்தாதேக்கா. சட்டம் அப்படித்தான் இருக்கு. தரையோட ஒட்டிட்டா அது கட்டடத்தோட சேர்ந்தது. நான் என்ன பண்ணட்டும்? அன்னிக்கு அத்தான் சிமென்ட் போடாம இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

மூலையில் நின்ற கொத்தனார், அதாவது அவள் புருஷன், அப்படியே சுருங்கிப் போனார். அவர் சிமென்ட் போட்டது உண்மைதான். முதல் மெஷின் வந்த புதிதில் அது துணி பிழியும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டே போய்ப் பக்கத்துக் கடைச் சுவரில் முட்டும். அந்தப் பக்கம் தையல்காரர், தையல் கோணிப் போகிறது என்று நாள் தவறாமல் வந்து சத்தம் போடுவார். பொறுத்துப் பார்த்த கொத்தனார், தரையைத் தோண்டி, கம்பி கட்டி, மெஷினின் கால்களைக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டார். பின்னால் வந்த இரண்டுக்கும் அதே மரியாதை. இனி பூகம்பமே வந்தாலும் அசையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

"என் தலையில நானே கொத்திக்கிட்டேன்" என்றார் இப்போது. அந்த மனுஷன் கண்கலங்கி அவள் அதுவரை பார்த்ததில்லை.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். தம்பி கையை நீட்டினான், சாவிக்காக. அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகி, வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

நூலகத்து மாடியில் சிறு வியாபாரிகளுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிற ஒரு அறை உண்டு. மடக்கு நாற்காலிகள், ஒரு மேஜை, அதன் பின்னால் ஒரு கையில் பேனாவும் மறு கையில் பாதி கடித்த ஆப்பிளுமாக ஒரு வக்கீலம்மா. நுரையக்கா மூச்சு வாங்கக் கொட்டித் தீர்த்தாள். வக்கீலம்மா ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"சாவி இன்னும் உங்ககிட்டதானே இருக்கு?"

"இடுப்புல இருக்கு."

"நல்ல வேளை. அவங்க சொல்றது பாதிதாங்க நிஜம். வாடகைக்கு இருக்கிறவங்க தொழிலுக்காகப் போட்ட மெஷினை, ஒப்பந்தம் முடியிறதுக்குள்ள கழட்டி எடுத்துக்கலாம்னு இதுலேயே இருக்கு. தரையை மட்டும் பழையபடி பூசிக் குடுத்துடணும். ஆனா மெஷினை உள்ள வச்சுட்டுச் சாவியைக் குடுத்தீங்கன்னா, வேண்டாம்னு விட்டுட்டுப் போனதா அர்த்தம். அப்புறம் நான் என்ன கத்தினாலும் எடுபடாது."

நுரையக்கா இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சாவியை முதல்ல குடுன்னு யாரு சொன்னது?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"என் தம்பி."

"அவருக்கு இந்த விஷயம் தெரியுமா?"

"இதே தொழில்ல ஊறினவன். தெரியாம என்ன?"

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. அழுகை இல்லை அது, ஆத்திரம். நான் ஆக்கிப்போட்டு, உடுத்தத் துவைத்துப்போட்டு வளர்த்த பயல், என் குடியைக் கெடுக்க எனக்கே பாடம் நடத்துகிறானா? படியில் இறங்கும்போது வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினாள். எதிரே ஏறி வந்த ஒருவர் ஒதுங்கி வழி விட்டார்.

கடைக்கு வந்ததும் ஷட்டரை இறக்கினாள். "உடைங்க" என்றாள் புருஷனிடம்.

விஷயத்தைக் கேட்ட கொத்தனார் ஓடிப்போய்க் கூட வேலை செய்கிறவரிடம் கான்கிரீட் உடைக்கிற டிரில்லை வாங்கி வந்தார். உடைத்தார், உடைத்தார், உடைந்தால்தானே! டிரில் சூடாகிச் சூடாகி நின்றது, கடப்பாரை வளைந்தது. ராத்திரி முழுக்கப் புழுதி. முதல் மெஷினின் முதல் கால் வெளியே வருவதற்குள் இருவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

"ஒரு நாளாவது வேலையை அரைகுறையாச் செஞ்சிருக்கக் கூடாதா நீங்க?" என்று அவள் கத்தினாள்.

"எனக்கு அப்படிச் செய்ய வராதுடி" என்றார் அவர். பகலெல்லாம் சுண்டிப் போயிருந்த முகத்தில் அப்போதுதான் சின்னதாக ஒரு சிரிப்பு. கம்பி எங்கே ஓடுகிறது என்று பிடிபட்டதும் மற்றக் கால்கள் மளமளவென்று வெளியே வந்தன.

சத்தம் தாங்காமல் காலையில் வந்து எட்டிப் பார்த்த தையல்காரர், சங்கதி தெரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினைத் தாங்கிப் பிடிக்க வந்துவிட்டார். நான் அன்னிக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் என்று முனகிக்கொண்டே பிடித்தார். மதியத்துக்குள் மூன்றும் வண்டி ஏறிப் பின்தெருவுக்குப் போய்விட்டன. கொத்தனார் குழிகளை அடைத்து, மட்டம் பார்த்து, தரையைப் பூசி, பூசிய இடம் தெரியாமல் தேய்த்து முடித்தார்.

சாயங்காலம் தம்பி வந்தான். வெறும் தரையைப் பார்த்து அவனுக்கு முகம் வெளுத்தது.

"மெஷின் எங்கக்கா?"

"என் மெஷின் எங்க இருந்தா உனக்கென்னடா?"

"ஐயோ, வாக்குக் குடுத்துட்டேன்கா. அந்த ஆள் என் சட்டையைப் பிடிப்பான்."

"பிடிக்கட்டும். நான் துவைச்ச சட்டைதானே, அவ்வளவு சீக்கிரம் கிழியாது."

"கூடப் பொறந்தவனுக்கு இதைக்கூடச் செய்ய மாட்டியா?"

"வாயைத் திறந்து கேட்டிருந்தா ஒண்ணைச் சும்மாவே தூக்கிக் குடுத்திருப்பேண்டா!" அவள் போட்ட சத்தத்தில் தையல்காரரின் மெஷின் நின்றது. "கேக்கலையே நீ! அந்த மனுஷன் தன் மேலதான் தப்புன்னு நேத்துத் தலை குனிஞ்சு நின்னாரே, அதையும் பாத்துக்கிட்டுத்தானே கையை நீட்டினே! திருட்டுப்பயலே!"

அவள் தையல்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்டூல் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பேனாவை அவன் பக்கம் தள்ளினாள். சாவி அவள் முஷ்டிக்குள் இருந்தது.

"கட்டடக்காரருக்காகச் சாவி வாங்கிக்கிட்டேன், கடை காலி, தரை சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"என்கிட்டயே கையெழுத்துக் கேக்கறியாக்கா?"

"உன்கிட்டதாண்டா கேக்கணும்."

அவன் குனிந்து எழுத ஆரம்பித்தான். 'என் அக்காவிடமிருந்து' என்று எழுதும்போது அவள் தாளின் மேல் விரலை ஊன்றினாள்.

"அக்கான்னு போடாதே. வாடகைதாரர்னு போடு."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். விரல் நகரவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'வாடகைதாரரிடமிருந்து' என்று எழுதினான்.