எட்டுச் சொட்டு

அந்த நாலு மணி அழைப்பை நான் எடுப்பதாகவே இல்லை. பத்தொன்பது நாளாக மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பை என் கணவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மனநல வார்டில் இருக்கும் எங்கள் மகனுக்குத் தினமும் பத்து நிமிடம் பேச அனுமதி உண்டு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருக்கிறார், சிக்னல் இல்லை. அவர் கிடைக்காததால் நர்ஸ் என் எண்ணுக்குப் போட்டுவிட்டாள்.

"அப்பா இல்லையா?" என்றான்.

"வேலையில மாட்டிக்கிட்டார்."

பிறகு, "தொட்டிகிட்ட போய்ப் பாரேன். மூணும் எப்படி இருக்குன்னு சொல்லு" என்றான்.

என் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மீனைக் கேட்டான்.

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பக்கத்து வீட்டில் கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் கை முறிந்த அன்று நான் செய்ததெல்லாம், அவன் தூங்குகிறான் என்று நினைத்து மீன்தொட்டியின் விளக்கை அணைக்கப் போனதுதான். அவன் மாத்திரையை நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரியாது. தினமும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டுதான் போனான், எங்கேயோ போய்த் துப்பியிருக்கிறான். "தண்ணில என்ன கலந்த? சொல்லு, என்ன கலந்த?" என்று பின்னால் வந்து நின்றான். கையை விரித்துக் காட்டினேன். அது அவன் கண்ணில் படவில்லை. தள்ளினான். தொட்டி வைத்திருக்கும் இரும்பு ஸ்டாண்டில் போய் விழுந்தேன். விழுந்த என்னைத் தாண்டிப் போய்த் தொட்டியைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டான். இருபத்தாறு வயது. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் ஒரு கோடு பிசகாமல் வரைகிறவன் என்று பெயர் எடுத்த பிள்ளை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. தீனி போடுவதும் அவர்தான். போனைக் காதில் வைத்தபடி பத்தொன்பது நாள் கழித்து இப்போதுதான் போய் நின்றேன்.

மூன்றும் ஏஞ்சல் மீன்கள். உள்ளங்கை அகலம், தாள் போலத் தட்டை, மேலும் கீழும் நீண்ட துடுப்பு. பெயரெல்லாம் அவன் வைத்தது. கோடு போட்ட பெரியது சேர்மன். அதன் ஜோடி வெள்ளை, அது சேர்மனம்மா. மூன்றாவது முழுக் கறுப்பு, மைக்கூடு. ஜோடி இரண்டும் ஃபில்டர் குழாயருகே காவல் நின்றன. குழாயில் ரவை ஒட்டியது மாதிரி முட்டைகள். மைக்கூடு எதிர்மூலையில் தண்ணீரின் மேல்மட்டத்தில் சாய்ந்து கிடந்தது. வால் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. கிழிந்த இடத்தில் பஞ்சு போல ஏதோ வெள்ளையாக வளர்ந்திருந்தது. நான் பார்க்கும்போதே சேர்மன் நேராகப் போய் அதன் விலாவில் ஒரு கொத்து கொத்திவிட்டுத் திரும்பியது.

பார்த்ததைச் சொன்னேன். அவன் குரல் மாறிவிட்டது. வேலை தெரிந்த ஆளின் குரல். எத்தனை வருடமாயிற்று அதைக் கேட்டு.

"முட்டை போட்டா அப்படித்தாம்மா ஆயிடும். பக்கத்துல யார் வந்தாலும் முட்டையத் திங்கத்தான் வர்றாங்கன்னு நெனைக்கும். நீ அதை ஒண்ணும் பண்ணிடாத. மைக்கூட்ட மட்டும் தனியா எடுத்துடு. துணி ஊறவைக்கிற பெரிய டப் இருக்குல்ல, சோப்பு போடாம அலசு. தொட்டித் தண்ணியவே மொண்டு பாதிக்கு ஊத்து. என் அலமாரியில நீல மருந்து பாட்டில் இருக்கு. எட்டுச் சொட்டு விடணும். எட்டுதான், கூடக் கூடாது."

"அப்பா வரட்டும்."

"அதுவரைக்கும் தாங்காதும்மா."

"நானா கலக்கணும்?"

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "நீதான்" என்றான். போன் கட்டாகிவிட்டது. பத்து நிமிடம் முடிந்திருக்க வேண்டும்.

ஒற்றைக் கையால் டப்பைத் தேய்த்தேன். ஒற்றைக் கையால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டேன். நைட்டி முழுக்க நனைந்தது. வலையில் மைக்கூடு சண்டைகூடப் போடவில்லை, தானாகவே வந்து ஏறிக்கொண்டது. பாட்டிலைப் பல்லால் கடித்துத் திறந்து, வாய்விட்டு எண்ணியபடி சொட்டு விட்டேன். நான் திரைச்சீலை தைக்கிறவள். எண்ணிக்கையில் எனக்குத் தவறு வராது. ஆனாலும் எட்டு விட்டபின் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்குள்ளிருந்து எத்தனை போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட முடியும் போல.

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு என் எண்ணுக்கே அழைத்தான். டப்பில் பாதித் தண்ணீரை மாற்றினாயா, சூடு போதுமா, செவுள் வேகமாக அடிக்கிறதா, நிதானமாக அடிக்கிறதா என்று கேட்பான். எனக்குச் செவுள் எது என்றே அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் மைக்கூடு ஒரு புழுவைத் தின்றதைச் சொன்னபோது சிரித்தான். வேலை முடிந்து வந்த கணவர், நான் டப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்ன, ஐசியூவுல பேஷன்ட்டுக்குக் காவலா?" என்றார். எங்கள் வீட்டில் ஒருவர் கிண்டல் செய்து வெகுநாள் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் டாக்டர் பேசியதையும் சொன்னார். வியாழக்கிழமை வார்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கும் அழைத்துப் போகலாம், ஊருக்கு வெளியே இருக்கும் மறுவாழ்வு இல்லத்திலும் சில மாதம் விடலாம். முடிவு நம்முடையது.

"நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம். இப்பதான் உங்கிட்ட நல்லாப் பேசுறானே" என்றார்.

பெற்ற பிள்ளைதான். ஆனால் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் இப்போதும் என் தோள் தானாகச் சுருங்குகிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் என் கட்டைப் பார்த்தார். பிறகு சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

செவ்வாய்க்கிழமை காலை மைக்கூடு டப்பின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. விரலால் தொட்டேன். அசையவில்லை.

கணவர் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உயிரோட இருக்குன்னே சொல்லிடு. மருந்து கலந்தது நீ. மீன் செத்துப்போச்சு. அவன் மனசுல அது எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். நாலு மணி வரைக்கும் அதையேதான் யோசித்தேன். என்ன சொல்லவேண்டும் என்று நாலைந்து தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

"சாப்பிட்டுச்சா?" என்றான்.

"இல்லப்பா. காலைல பார்த்தேன். போயிடுச்சு."

வார்டுக்குள் யாரோ ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"எத்தனை சொட்டு விட்ட?"

"எட்டு."

"எட்டுதானே?"

"எட்டுதான்ப்பா. வாய்விட்டு எண்ணித்தான் விட்டேன்."

இவ்வளவு தூரத்தில், பூட்டிய வார்டுக்குள் இருக்கிறான். ஆனாலும் நான் சுவரோரமாக நகர்ந்து நின்றிருந்தேன்.

"நோய் முன்னாடியே முத்தியிருக்கும்" என்று மெதுவாகச் சொன்னான். "நீ நல்லாத்தான் பார்த்துக்கிட்ட." பிறகு, "அம்மா, ஒண்ணு சொல்றேன், பயப்படாதே. நீ போயிடுச்சுன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் தோணுச்சு. நீ வேணும்னேதான்... தோணுது. இல்லைன்னும் தெரியுது. ரெண்டும் ஒண்ணா வருது. அன்னைக்குத் தோணுனது மட்டும்தான் வந்துச்சு, இல்லைன்னு தெரியவே இல்ல" என்றான்.

நான் அழுதது அவனுக்குக் கேட்டிருக்கும்.

"வியாழக்கிழமை நான் அந்த இல்லத்துக்கே போறேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அப்பாகிட்ட நீ சொல்லிடு."

'வேண்டாம், வீட்டுக்கு வா' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் அதற்காகக் காத்திருந்தானோ என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை இல்லத்தின் வேன் மருத்துவமனை வாசலில் நின்றது. இளைத்துப்போய், முடி ஒட்ட வெட்டி, சின்னப் பையன் மாதிரி வந்தான். கணவர் டிரைவரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். அவனுடைய துணிப்பை என் தோளில் தொங்கியது. அதை வாங்கிக்கொள்ளத்தான் அவன் கையைத் தூக்கினான். பைக்குத்தான். ஆனால் என் முகம் அதற்குள் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது, கண்கள் இறுக மூடிக்கொண்டன. திறந்தபோது அவன் கை நடுவழியில் நின்றிருந்தது. அதைக் கீழே இறக்கிக்கொண்டான். நானாகப் பையைக் கழற்றி நீட்டினேன். விரல் படாமல், வாரின் நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டான்.

"கட்டு எப்பப் பிரிப்பாங்க?" என்று கேட்டான்.

"இன்னும் பத்து நாள்ல."

தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேன் பின்னால் வந்து திரும்பும் வரை நான் வலது கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பதிலுக்குக் கை ஆட்டவில்லை. வேன் என்னைக் கடக்கும்போதுதான் கவனித்தேன். மடியில் பையை வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்திருந்தான்.