இன்னொரு ஃபோர்த்துனாத்தோ

இத்தாலியின் மீனவ ஊரான கியோஜ்ஜாவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு போஸ்கொலோ மேல்தான் விழும். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் குடும்பப் பெயர். காட்டில் மரம் வெட்டிய எவனோ ஒருவன் வழியில் வந்த பெயர் என்பார்கள். இப்போது எல்லோரும் மீன் பிடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஊர்க் காவல் புனிதரான ஃபோர்த்துனாத்தோவின் பெயரை வைப்பதும் வழக்கம். அதனால் ஒரே சந்தில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு ஃபோர்த்துனாத்தோ போஸ்கொலோக்கள் இருந்தது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

அவர்களில் குள்ளமானவனுக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெயரை ஒன்றாகக் கொடுத்த கடவுள் உயரத்தையும் குரலையும் எதிர்வீட்டுக்கே கொடுத்துவிட்டாரே என்று பொருமுவான். இருவரும் ஒரே இடத்தில்தான் வலை போடுவார்கள். நெட்டையன் கூடையில் நாக்கு மீன் துள்ளும். இவனுடையதில் நண்டும் பாசியும். நெட்டையனின் மனைவி ஒலீவா மத்தி மீனை வெங்காயம் போட்டுக் காடி ஊற்றி ஊறவைத்தால் அந்த மணம் நேராக இவன் சோளக்களித் தட்டுக்குத்தான் வரும். இவன் மனைவி ஜாகோமினாவும் நன்றாகத்தான் சமைப்பாள். ஆனால் அவன் மூக்கு எப்போதும் எதிர்வீட்டிலேயே இருந்தது.

ஒரு மாசி மாதம், எதிர்பாராமல் போரா என்னும் வடகிழக்குப் புயல்காற்று சீறி அடித்தது. கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. இரண்டு மட்டும் வரவில்லை. இரண்டும் ஃபோர்த்துனாத்தோக்களின் படகுகள். துறையில் பெண்கள் கூடி அழுதுகொண்டிருந்தபோது, கிழிந்த பாயோடு ஒரு படகு தெரிந்தது. ஒலீவா கூட்டத்தை விலக்கி முன்னால் ஓடினாள். படகு நெருங்கியதும் அவள் கால்கள் நின்றுவிட்டன.

"அவர் இல்ல... அந்த இன்னொருத்தர்," என்றாள்.

அவள் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. தன் புருஷன் வராத வேதனையில் சொன்னாள். ஜாகோமினா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். சாவின் வாயிலிருந்து மீண்டவன் காதில் மனைவியின் அழுகை விழவில்லை. அந்த ஒரு சொல்தான் விழுந்தது. அன்றிரவு, நெட்டையன் திரும்பாமலே போனால் என்ன என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்த மறுகணம் உடம்பு கூசியது.

காலையில் நெட்டையன் வந்து சேர்ந்தான். கோயில் மணி அடித்தார்கள். தனக்கு மட்டும் ஏன் அடிக்கவில்லை என்று இவன் ஜாகோமினாவிடம் மாதக்கணக்கில் புலம்பினான்.

துறையில் கேட்ட சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. எந்த ஃபோர்த்துனாத்தோ என்று யாராவது கேட்டால், "கெலால்த்ரோ" என்பார்கள். அந்தப் பக்கத்துப் பேச்சில் அதற்கு 'அந்த இன்னொருத்தன்' என்று பொருள். அவன் பிள்ளைகளும் கெலால்த்ரோ பிள்ளைகள் ஆனார்கள். அப்படிக் கூப்பிட்ட இரண்டு பேரை அவன் அடித்தான், திருப்பி அடி வாங்கவும் செய்தான்.

பல வருஷம் கழித்து, ஆட்சி மாறி வந்த புது அரசாங்கம் படைக்கு ஆள் எடுத்தபோது, ஒரே பெயரில் இத்தனை பேர் இருப்பதைக் கண்டு அதிகாரிகள் தலையில் கை வைத்தார்கள். ஊர் அழைக்கும் பட்டப்பெயரையும் குடும்பப் பெயரோடு சேர்த்து எழுத உத்தரவு வந்தது. இரண்டு ஃபோர்த்துனாத்தோக்களும் எழுத்தர் முன்னால் போய் நின்றார்கள்.

உங்களில் கெலால்த்ரோ யார் என்று எழுத்தர் கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். குள்ளன் முகம் சிவந்து தரையைப் பார்த்தான். நெட்டையன் அதைக் கவனித்தான்.

"என் பேருக்குப் பின்னால எழுதிக்கங்க ஐயா. இவனுக்கு நான் இன்னொருத்தன்தானே? எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது," என்றான்.

கூட்டத்தில் யாரோ, என்ன பெரிய மனசு என்று முணுமுணுத்தார்கள். அதுவும் குள்ளன் காதில் விழுந்தது. மீன் அவனுக்கு, மணி அவனுக்கு, இப்போது பெரிய மனசும் அவனுக்கா?

"அதெல்லாம் முடியாது. அந்தப் பேரு என்னோடது. இத்தனை வருஷம் அடி வாங்கிச் சுமந்தவன் நான், நோகாம வந்து இவன் தூக்கிட்டுப் போவானா? எழுதுங்க ஐயா, போஸ்கொலோ கெலால்த்ரோ. எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க."

எழுத்தர் எழுதினார். நெட்டையனுக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லாததால் அவன் தகப்பன் செய்த தொழிலை வைத்து 'கயிறுக்காரன்' என்று ஏதோ சேர்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜாகோமினா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு நழுவியது. "உங்களுக்கு வந்த பொறாமையில அந்தப் பேரை என் பேரப்பிள்ளைங்களுக்கும் சேர்த்து வாங்கிட்டு வந்துட்டீங்களே," என்றாள்.

அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கயிறுக்காரன் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா என்று மெல்லக் கேட்டான்.