நைன்டி ஆயில்

கைலாசம் காரின் கியரை டி-யில் போட்டார். வண்டி அசையவில்லை. தும்மல் ஒன்று வந்து போகும் நேரம் காத்திருந்தார், அப்போதும் அசையவில்லை. பொறுமை என்பது கைலாசம் மற்றவர்களிடம் எதிர்பார்க்கும் குணம். ஆக்சிலரேட்டரை மிதித்தார். இன்ஜின் கத்தியதே தவிர சக்கரம் உருளவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். அப்போதுதான் கியர்பாக்ஸுக்குத் தன் வேலை நினைவுக்கு வந்தது போலும். முதுகில் உதைத்தது மாதிரி டமாரென்று பிடித்துக்கொண்டு, கார் வாசலைத் தாண்டிப் பாய்ந்து, துணி துவைக்கும் கல்லில் மூக்கை மோதி நின்றது.

ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் கொட்டியது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து, ஊர் ஊராய்ப் போர்வெல் போட்டுப் பிழைக்கும் மனிதர், இத்தனை சுலபமாகத் தண்ணீர் எடுத்தது அன்றுதான்.

மனைவி சௌந்திரம் கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடி பட்டுச்சுங்களா?"

"எனக்கா, வண்டிக்கா?"

"உங்களுக்குத்தானுங்க."

"எனக்கொண்ணுமில்ல."

"சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கைலாசம் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

கார் அவளுடையது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுடைய இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் இல்லாத கார் என்று ஒன்று உண்டு, டி-யில் போட்டுவிட்டால் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும், அதை ஓட்ட வலது கால் மட்டும் போதும் என்று யாரோ சொல்ல, அவளுடைய அப்பா ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்காரரிடம் கெஞ்சி அந்தப் பழைய காரை வாங்கி மலையிறக்கிக் கொண்டுவந்தார். படகு மாதிரி நீளம். துண்டு நெய்யும் பட்டறை ஒன்றை நடத்திவந்த சௌந்திரம் தினமும் அதில்தான் போய்வந்தாள். ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அவள் காலை யாரும் பார்ப்பதில்லை. ஊருக்கு அவள் 'படகு கார் அக்கா'. அவ்வளவுதான்.

கொஞ்ச நாளுக்கு முன்னால் அவள்தான் சொன்னாள்.

"ஏனுங்க, டி-ல போட்டாச் சித்த நேரம் கழிச்சுத்தான் புடிக்குது. புடிக்கறப்ப ஒரு ஒதை ஒதைக்குது. சேலத்துல காட்டிட்டு வந்தரலாமுங்க."

"இதுக்குப் போயிச் சேலமா? ஆயில் கொறஞ்சிருக்கும்."

"எந்த ஆயில்னு யாரையாச்சும் கேட்டுட்டு ஊத்துங்க."

கேட்பதாவது? கியர்பாக்ஸ் என்றால் நைன்டி ஆயில். லாரிக்கு அதுதான், ரிக்குக்கு அதுதான். ஷெட்டில் பேரல் பேரலாய்க் கிடக்கிறது. சர்பத் மாதிரி நீர்த்துச் சிவந்த எண்ணெய் ஓட வேண்டிய நரம்புகளுக்குள், வெல்லப்பாகு மாதிரியான அதைக் கைலாசம் தாராளமாக ஊற்றினார். சொந்த வண்டியாயிற்றே, கஞ்சத்தனம் எதற்கு? ஊற்றி முடித்து ஓட்டிப் பார்த்ததுதான் துவைகல்லில் போய் முடிந்தது.

காரைத் தன் லாரியிலேயே ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார். பழைய கார்களைப் பார்க்கும் மெக்கானிக் கலையரசன் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினான். தார் மாதிரி ஒன்று வழிந்தது. கருகல் நாற்றம் பட்டறையை நிறைத்தது. கலையரசன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னாச்சு கலை?"

"பாக்கலாமுங்ணா."

அந்தச் சொல்லின் விலை கைலாசத்துக்குத் தெரியும். போர் எத்தனை அடி இறங்கினாலும் வெறும் புழுதியாய்ப் பறக்கும்போது, தோட்டத்துக்காரர் தன் முகத்தையே பார்க்கும்போது, அவரும் அதைத்தான் சொல்வார். இந்தப் பக்கத்தில் எவரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை.

"ஓடுமா ஓடாதா, அதச் சொல்லு."

"சாமான் கெடைக்கோணுமுங்ணா. டெல்லிப் பக்கம் ஒருத்தருகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்."

"நான் ஊத்துன ஆயில்னாலயா?"

"டீ சாப்படறீங்களா?" என்றான் கலையரசன்.

அதன் பிறகு சௌந்திரத்தைத் துண்டுப் பட்டறைக்கு ஜீப்பில் கொண்டுபோய்விட ஒரு டிரைவரை ஏற்பாடு செய்தார். அவன் நல்லவன். ஓடிவந்து கதவைத் திறப்பான், இறங்கக் கை கொடுப்பான். பட்டறைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சில நாள் பொறுத்தாள். அப்புறம் போவதையே விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தே போனில் பேசி நடத்தினாள். சிரித்தாள், சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கைலாசம் தன் கைவசமிருந்த எல்லா நகைச்சுவைகளையும் அவிழ்த்துவிட்டார். எதுவும் ஓடவில்லை.

"புது வண்டி எடுத்தரலாம் அம்முணி. இப்பெல்லாம் கிளட்ச் இல்லாம நெறய வருது."

"பாக்கலாமுங்க" என்றாள்.

தன் வீட்டுக்குள்ளேயே அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டார் கைலாசம். சோறு இறங்கவில்லை. பார்க்கிறவர்கள் சர்க்கரையா என்று விசாரிக்கும் அளவுக்கு இளைத்தார். ரிக் எந்த ஊரில் நிற்கிறது என்பதுகூட மேனேஜர் சொல்லித்தான் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம், விற்பனைக்குப் போகும் துண்டுகளை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். கைலாசம் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் என்னையப் பூசி மெழுகறாங்க. நீயாச்சும் நெசத்தச் சொல்லிப்போடு. அந்த வண்டி ஓடுமா?"

அவள் கை நின்றது.

"ஓடாதுங்க. கலையரசனுக்கு நானே போன் போட்டுக் கேட்டேன். மொதல்லயே பில்டர மாத்தி, அதுக்குண்டான ஆயில ஊத்தியிருந்தாப் போதுமாம். நீங்க ஊத்துனதுதான் உள்ள எல்லாத்தையும் கருக்கிருச்சாம்."

கைலாசம் தரையைப் பார்த்தார். "உங்கிட்டச் சொன்னவன் எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"உங்க மொகத்தப் பாத்துட்டு எப்படிங்க சொல்லுவாங்க?"

"சரி. புது வண்டி?"

"எடுங்க. ஓட்டறேன். எத்தன நாளைக்கு ஊட்டுக்குள்ளயே கெடக்கறது."

கைலாசத்துக்கு மூச்சு வந்தது. துண்டு ஒன்றை எடுத்து, மடிக்கத் தெரியாமல் சுருட்டினார். "அப்பக் கோவமும் போயிருமில்ல?"

அவள் அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி உதறினாள். நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போகாதுங்க" என்றாள்.