அரைச் சுற்று

அக்காவைக் கட்டியவர் மருந்துக்கடைக்காரர். தங்கையைக் கட்டியவர் சமையல்காரர். இந்தச் சகலைகள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்று வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. முன்னவர் இருமல் மருந்தைக்கூட மூடியின் கோட்டுக்கு நேராகக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்து ஊற்றுகிறவர். பின்னவர் ஒரு பெரிய விடுதியின் சமையலறையில் உப்பைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர். கல்யாணமாகிப் பல வருஷம் இருவரும் விசேஷ வீடுகளில் "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு எதிரெதிர்த் திசையில் நழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜீப் வந்து அதைக் கெடுத்தது.

ஜீப் என்றால் உடம்பு மட்டும்தான் ஜீப். இன்ஜின் ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றியது, கியர்பெட்டி இன்னொன்றிலிருந்து. சக்கரங்களோ வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத உயரம். பாதி விலை நீ, பாதி விலை நான் என்று வாங்கி மருந்துக்கடைக்காரர் வீட்டு ஷெட்டில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து சனி, ஞாயிறு என்றால் இருவரும் அதற்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

சண்டையெல்லாம் ஒரு திருகைப் பற்றித்தான். கார்புரேட்டரின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் திருகு. உள்ளே திருகினால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். மேடு ஏறும்போது வண்டி சாய்வதால் பெட்ரோல் தானாகவே கொஞ்சம் அதிகமாக இறங்கும், அதனால் சமதரையில் குறைத்தே வைக்க வேண்டும் என்பது மருந்துக்கடைக்காரர் கட்சி. மேடு ஏறுகிறவனுக்குப் பசி அதிகம், தாராளமாகப் போடு என்பது சமையல்காரர் கட்சி. ஒருநாள் பேச்சு முற்றி, ஸ்பேனர் கீழே விழுந்து, இரண்டு வீட்டுப் பெண்களும் ஓடிவந்த பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இருவருக்கும் பொதுவாக நடுவில் ஓர் இடத்தில் திருகை வைப்பது, அதற்கப்புறம் யாரும் அதைத் தொடக் கூடாது.

மருந்துக்கடைக்காரர் அதை ஒரு வாரம் கடைப்பிடித்தார். அடுத்த ஞாயிறு காலையில் சகலை வருவதற்கு முன்னால் சும்மா எட்டிப் பார்த்தார். திருகு அரைச் சுற்று வெளியே வந்திருந்தது. குலுக்கலில் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே திருகி வைத்தார். இது உடன்பாட்டை மீறுவதாகாது, காப்பாற்றுவது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமும் அது தளர்ந்திருந்தது, அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு ஞாயிறும் அவர் திருகினார், ஒவ்வொரு ஞாயிறும் வண்டி பிரமாதமாக ஓடியது. சகலை மார்பைத் தட்டிக்கொள்ளும்போதெல்லாம் இவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாவம், யாரால் ஓடுகிறது என்று தெரியாமல் ஆடுகிறான்.

இந்த நேரத்தில்தான் அவர் மனைவி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தையல் வகுப்பு நடத்த இடம் வேண்டும். மிஷின்கள் வந்து வராந்தாவில் போர்வை போர்த்திக் கிடந்தன. அவள் கத்தவில்லை, கணக்காகப் பேசினாள். மலைச்சரிவில் நடக்கும் ஏற்றப் போட்டியில் வண்டி இந்தத் தடவையாவது உச்சிக்குப் போனால் ஷெட் அவர்களுக்கு. வழக்கம்போல் பாதியில் நின்றால் வண்டியை விற்றுவிட்டு ஷெட்டை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். தங்கையும் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டாள். அன்று இரவு மருந்துக்கடைக்காரர் படுத்தபடியே யோசித்தார். போனால் போகிறது வண்டி. ஆனால் வண்டி போய்விட்டால் சகலை எதற்காக இங்கே வரப்போகிறான்? மறுபடியும் "சௌக்கியமா?"தான். கடையில் வருகிறவர்கள் எல்லோரும் வியாதியைப் பற்றிப் பேசுகிறவர்கள். அவரிடம் வேறு ஏதாவது பேசிய ஒரே மனிதன் இந்த உப்பு அள்ளிதான்.

போட்டிக்கு முந்தின நாள் சமையல்காரர் ஷெட்டைவிட்டுக் கிளம்பும்போது மருந்துக்கடைக்காரரின் தோளில் கை வைத்தார். "நாளைக்கு நான் ஓட்டறேன், அண்ணே. ஆனா நாம சேர்ந்து வச்ச அளவு அது. அந்தத் தைரியத்துலதான் ஏறப்போறேன்" என்றார். மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இப்படி நம்புகிற மனிதன் முதுகுக்குப் பின்னால் வாராவாரம் திருட்டுத்தனம் செய்தோமே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனார், பானெட்டின்மேல் கை வைத்தார், திறக்காமலே திரும்பி வந்தார். நெஞ்சு லேசாக இருந்தது. யோக்கியனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்றுகூட நினைத்தார்.

சரிவின் பாதிக்கு மேல் ஏறும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பக்கத்து இருக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரருக்கு முதலில் மூக்கில் பெட்ரோல் வாடை அடித்தது. பின்னால் பார்த்தால் கரும்புகை. வண்டி விக்கியது, தும்மியது, நின்றது. சமையல்காரர் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். வண்டி பின்னால் வழுக்காதவரை இன்னொரு முறை கிளப்பிப் பார்க்கலாம் என்பது போட்டி விதி. மருந்துக்கடைக்காரர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்தார். கீழே கூட்டத்தில் அக்காவும் தங்கையும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

பானெட்டைத் திறந்தார்கள். திருகு அரைச் சுற்று வெளியே இருந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றார் சமையல்காரர். "நேத்து தார்பாய் மூடும்போது நான்தான் வெளிய திருகினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் திருகுறதுதான். வாராவாரம் அது தானா இறுகிடுது, குலுங்குதுல்ல. அதான் சரிபண்ணி வச்சேன்."

மருந்துக்கடைக்காரர் சகலையின் முகத்தைப் பார்த்தார். பிறகு திருகைப் பார்த்தார். "அது தானா இறுகல" என்றார். "நான்தான் இறுக்கினேன். வாராவாரம்."

சமையல்காரர் திருகை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் இறுக்கல?"

"உன்னை நம்பித்தான்."

"நல்ல நாள் பாத்தீங்க" என்றார் சமையல்காரர்.

அந்தச் சரிவில், பெட்ரோல் வாடையில், போட்டி நடத்துகிற கொடிக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு முறைக்கும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிட்டது. இதுவரை ஜீப்பை ஓட்டியது அவர் அளவுமில்லை, இவர் அளவுமில்லை, இரண்டு திருட்டுத்தனமும் சேர்ந்த நடு அளவு. மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். சமையல்காரரும் அதே நேரத்தில் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். பெரியவருக்கு மரியாதை கொடுத்துச் சின்னவர் தன்னுடையதை உள்ளே போட்டுக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் திருகினார், சகலை பார்த்துக்கொண்டே நின்றார். உடன்பாட்டுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தத் திருகு சாட்சியோடு திரும்பியது.

வண்டி கிளம்பியது. புகையில்லை, விக்கலில்லை. கல்லை எடுத்துவிட்டு ஓடிவந்து தொற்றிக்கொண்ட மருந்துக்கடைக்காரரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போய் நின்றது. இரண்டு பெண்களும் கீழே கைதட்டினார்கள். வீட்டுக்காரி சொன்ன சொல் தவறாதவள். மிஷின்களை முன்னறைக்கு நகர்த்திக்கொள்ளச் சம்மதித்தாள். ஆனால் கதை முழுவதையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவள், தன் நகப்பூச்சை எடுத்துவந்து திருகின்மேல் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். பூச்சு காய்ந்தால் திருகு அசையாது, அசைத்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும். "இனி யார் தொட்டாலும் எனக்குத் தெரியும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சமையல்காரர் வந்தார். இன்ஜினைப் போட்டார்கள். அது ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓடியது. இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை. திட்டுவதற்கு ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார், சமையல்காரர் செருப்பைப் பார்த்தார். "கடையெல்லாம் எப்படிப் போகுது, அண்ணே?" என்று சமையல்காரர் கேட்டார். போச்சு, என்று நினைத்தார் மருந்துக்கடைக்காரர். அடுத்தது சௌக்கியமா என்றுதான் கேட்கப்போகிறான்.

சமையல்காரர் கேட்கவில்லை. இன்ஜினை நிறுத்தினார், வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து பானெட்டின்மேல் வைத்தார். நகப்பூச்சை அழிக்கிற மருந்து. தன் பெண்டாட்டியின் அலமாரியிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

மருந்துக்கடைக்காரர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். பிறகு தன் பையிலிருந்து, கடையிலிருந்து கொண்டு வந்திருந்த அதைவிடப் பெரிய பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பஞ்சு கொண்டு வந்தியா?" என்று கேட்டார்.

சமையல்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே மருந்துக்கடைக்காரர் இன்னொரு பைக்குள் கையை விட்டார்.