மேல் அடுக்கில் மூன்று எழுத்து

அந்த அறிக்கையில் என் பெயர் நான்கு இடங்களில் இருந்தது. பதினோரு வருட வேலையில் இந்தக் கம்பெனி என் பெயரை எந்தக் காகிதத்திலும் இத்தனை தடவை எழுதியதில்லை. பாராட்டு என்றால் 'லேஅவுட் குழு' என்று போடுவார்கள். தப்பு என்று வந்ததும் முழுப் பெயரும் இனிஷியலோடு ஞாபகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நாடித்துடிப்பு, மூச்சு எல்லாம் காட்டும் கருவிக்காக ஒரு சிப் செய்தோம். தொழிற்சாலையிலிருந்து முதல் தொகுதி வந்து சேர்ந்தது. சோதனை மேசையில் ஒவ்வோர் அளவீடாக ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் திரை கறுத்துப்போய், கருவி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் அதில் ஒரு நோயாளி இணைக்கப்பட்டிருந்தால்? சிப்பின் வலது மேல் மூலைக்கு மின்சாரம் போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். மின்சாரக் கம்பிகளை வரைந்தது யார்? நான். விசாரணை முடிந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக் கூட்டத்தில் டிசைன் தலைவர் அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். அதோடு என் சீட்டு கிழிந்துவிடும்.

டிசைன் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்திரி. எதைக் கண்டாலும் வெட்டுவார். நாட்களை வெட்டுவார், ஆட்களை வெட்டுவார், நாம் பேசிக்கொண்டிருந்தால் பேச்சை வெட்டுவார். இந்த சிப்பில் அவர் வெட்டியது ஓர் உலோக அடுக்கை.

அதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். நகத்தைவிடச் சின்ன சில்லு. அதன் அடித்தளத்தில் கோடிக்கணக்கான சுவிட்சுகள். ஒவ்வொன்றுக்கும் கம்பி வேண்டும். ஒரே தளத்தில் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்க முடியாது. தொட்டால் ஷார்ட். அதனால்தான் அடுக்கு. ஓர் அடுக்கில் எல்லாக் கம்பியும் இடம் வலமாக ஓடும். அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அதற்கு மேல் அடுக்கில் எல்லாம் முன் பின்னாக ஓடும். எங்கே சேர வேண்டுமோ அங்கே மட்டும் பூச்சில் துளை போட்டு உலோகத்தை நிரப்புவோம். கீழே இருக்கும் அடுக்குகளில் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பிகள், பக்கத்து வீட்டுப் பேச்சுக்கு. மேலே போகப் போகத் தடிமன் கூடும். தூரம் போகிற சமிக்ஞையும் மின்சாரமும் மேலடுக்கில்தான் போகவேண்டும். மெல்லிய கம்பியில் அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் பாதி வடிந்துவிடும்.

எட்டு அடுக்கு கேட்டேன். கத்திரி ஏழு கொடுத்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் தனி மாஸ்க், அதாவது கம்பிகளை அச்சடிக்கும் அச்சுத் தகடு, செய்யவேண்டும்; ஒன்றைக் குறைத்தால் செலவும் குறையும், இரண்டு வாரமும் மிச்சம். ஏழில் எல்லாவற்றையும் திணித்ததில் கம்பிகள் சுற்றி வளைத்துப் போயின. மின்சாரக் கம்பிகளை ஒடுக்க வேண்டியதாயிற்று. அந்த மூலைக்கு மேலடுக்கில் ஒரே ஒரு தடித்த கம்பியைத்தான் கொண்டுபோக முடிந்தது. 'இது ஒன்றுதான் அந்த மூலைக்கு உயிர், இதைத் தொடாதீர்கள்' என்று கத்திரிக்குப் படத்தோடு மெயில் போட்டேன். வந்த பதில் ஒரே வரி: அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. செய்தேன். கணக்கில் நூலிழையில் தப்பித்தது. ஆனால் தப்பித்தது.

பிறகு ஏன் திரை கறுக்கிறது? என் வரைபடக் கோப்பை மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கண் எரிந்ததுதான் மிச்சம்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பையைத் தூக்கி எறிந்தேன். என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். சமையலறை விளக்கைக் கழற்றிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றிருந்தார்.

"என்னாச்சு? இன்னைக்கு யாரைக் கடிச்சு வெச்ச?"

"இன்னும் யாரையும் கடிக்கல. நாளைக்குத்தான்."

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"அது ஏன் அத்தனை அடுக்கு? எங்க ஒயரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தானே போகுது?"

"உங்க ஒயருக்கு மேல உறை இருக்கு. இங்க இல்ல. ஒரே தளத்துல குறுக்க போனா ஒட்டிக்கும். மேல ஏறித்தான் தாண்டணும்."

"சரி. அந்த மூலைக்கு மெயின் லைன் ஒண்ணே ஒண்ணு. அது தடி ஒயர். மத்ததெல்லாம் பொடி. அப்படித்தானே?"

"ஆமா."

"எல்லா லோடையும் போட்டா மட்டும் டிம் ஆகுது. அப்ப மெயின் லைன் கட் ஆயிருக்கு. பொடி ஒயர் வழியாத்தான் கரண்ட் போகுது." ஸ்டூலிலிருந்து இறங்கினார். "நீ எதைப் பார்த்த? உன் வரைபடத்தையா, போட்டு முடிச்ச சிப்பையா?"

"என் படத்தைத்தான். ஒப்படைச்சப்புறம் கடைசிக் கோப்பைப் பூட்டிடுவாங்க. கத்திரி மட்டும்தான் திறக்க முடியும்."

"நாங்க ஒயரிங் முடிச்சுட்டு வருவோம். அப்புறம் வீட்டு ஓனர் தன் போட்டோ மாட்டுறேன்னு சுவத்துல ஆணி அடிப்பாரு. லைன் போயிடும். திட்டு மட்டும் எங்களுக்கு. நாங்க வரைபடத்தையா பார்ப்போம்? சுவரை உடைச்சுப் பார்ப்போம்."

எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. மூன்று நாளாக எனக்குத் தோன்றாதது ஸ்டூல் மேல் நிற்கும் மனிதனுக்கு மூன்று நிமிடத்தில் தோன்றிவிட்டதே.

மறுநாள் எட்டு மணிக்கே லேப் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் ஆசிட் அக்கா. சிப்பின் கறுப்பு மூடியை அமிலம் விட்டுக் கரைத்து உள்ளே இருக்கும் சில்லை வெளியே எடுப்பது அவர் வேலை. முகக் கவசத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அனுமதிச் சீட்டு இருக்கா?"

"இல்லக்கா."

"யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பல. பதினோரு மணிக்கு என்னை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணைத் திறந்து காட்டுங்க."

அக்கா கையுறையை இழுத்து விட்டுக்கொண்டார். ஒன்பதரைக்குச் சில்லு மைக்ரோஸ்கோப் அடியில் இருந்தது. மேலடுக்கைப் பார்க்க எதையும் உரிக்கவேண்டாம். அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிறதே. திரையில் என் கம்பிகள் பளபளவென்று வரிசையாகத் தெரிந்தன. வலது மேல் மூலைக்கு நகர்த்தச் சொன்னேன். என் தடித்த கம்பி நேராக வந்தது. வந்து, பாதியில் நின்றது.

அதற்கப்புறம் ஒரு வெற்றிடம். வெற்றிடத்துக்கு நடுவில் அழகாகக் கட்டம் கட்டி, உலோகத்தில் மூன்று எழுத்து. கத்திரியின் பெயர் எழுத்துகள். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி வேறு.

"அடப்பாவி," என்றார் அக்கா.

எங்கள் தொழிலில் இந்தப் பழக்கம் உண்டு. சிப் வரைந்தவர்கள் மேலடுக்கில் காலியாக இருக்கும் ஓர் ஓரத்தில் சின்னதாக ஏதாவது போட்டுவிடுவார்கள். ஒரு பூனை, ஒரு தேதி, ஓர் எழுத்து. யாருக்கும் தெரியாது, யாருக்கும் தொந்தரவும் இல்லை. எட்டு அடுக்கு இருந்திருந்தால் இந்தச் சிப்பிலும் காலி இடம் இருந்திருக்கும். அடுக்கை வெட்டியவர் இவர். இடமில்லாமல் நான் கம்பிகளை நசுக்கி நசுக்கிப் போட்டேன். கடைசி நாளில் கோப்பைத் திறந்து, தன் பெயருக்கு இடமில்லை என்று பார்த்து, என் கம்பியையும் வெட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது, அதுவும் கோபம்தான்.

கூட்ட அறையில் எம்.டி., கத்திரி, நான். அறிக்கை மேசை மேல் இருந்தது. கத்திரி பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார். நான் உட்காரவில்லை. படத்தைத் திரையில் போட்டேன். இந்தப் பக்கம் நான் ஒப்படைத்த படம், அந்தப் பக்கம் சிப்.

கத்திரி தொண்டையைச் செருமினார்.

"இது தொழில்ல வழக்கம்தான் சார். போட்டப்புறம் செக் எல்லாம் ஓட்டினேனே. பாஸ் ஆச்சு."

"எந்தச் செக் சார்?" என்றேன். "கம்பி முட்டுதா, அறுந்திருக்கான்னு பார்க்கிற செக். கீழடுக்குப் பொடிக் கம்பி வழியா தொடர்பு இருக்கே, அது எப்படி ஃபெயில் ஆகும்? கரண்ட் போதுமான்னு பார்க்கிற செக்கை ஓட்டுனீங்களா?"

அவர் எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. சமாதானப் புறாவாக மாறினார்.

"விடுங்கம்மா. காரணம் கிடைச்சாச்சு, அதுதான் முக்கியம். யாரு என்னன்னு பேசி என்ன ஆகப்போகுது? அறிக்கையில பொதுவா 'மனிதத் தவறு'ன்னு போட்டுடலாம்."

"எந்த மனுஷன் சார்?"

"என்ன?"

"நேத்து வரைக்கும் அந்த மனுஷனுக்குப் பேர் இருந்துச்சு. நாலு இடத்துல இருந்துச்சு. இன்னைக்குத் திடீர்னு பேர் மறந்து போச்சா?"

என் குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போயிருக்கும். போகட்டும் என்றுதான் இருந்தது. எம்.டி. பேச்சை மாற்றினார். சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

"தொழிற்சாலையில அடுத்த தொகுதி மேலடுக்குப் போடாமக் காத்துக்கிட்டிருக்கு. அந்த ஒரு மாஸ்க்கை மட்டும் மாத்தினாப் போதும். கம்பியை நான் மதியத்துக்குள்ள வரைஞ்சுடுவேன். ஆனா மூலைக்கு ஒரே கம்பி இனி பத்தாது. அடுத்த சிப்புக்கு எட்டு அடுக்கு உண்டுன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

கத்திரி மெல்ல என் பக்கம் சாய்ந்தார். குரலில் தேன் வடிந்தது.

"அந்த எழுத்தை முழுசா எடுக்கணும்னு இல்லம்மா. கொஞ்சம் சின்னதாக்கி ஓரமா நகர்த்திடலாம். பக்கத்துலயே உங்க பேரையும் போட்டுக்கலாம். நீங்களும் உழைச்சிருக்கீங்கல்ல?"

இதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அங்க இடமில்ல சார். உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ஆஸ்பத்திரியில ஒருத்தர் மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடப்பாரு. அவருக்காகக் கரண்ட் போகிற வழி அது. என் பேரைச் சிப்புல போடவேண்டாம். அறிக்கையிலருந்து எடுங்க. அங்க நடந்தது என்னன்னு அப்படியே எழுதுங்க. அதுவரைக்கும் மவுஸைத் தொடமாட்டேன்."

வேறு யாராவது வரையட்டும் என்று எம்.டி. சொல்லியிருக்கலாம். அந்தச் சிப்பின் கம்பிகளை வேறொருவர் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆகும் என்று அவருக்கும் தெரியும். லேப்டாப்பை அவரே திருப்பிக்கொண்டார். என் பெயர் இருந்த நான்கு இடங்களையும் அழித்தார். நான் சொல்லச் சொல்லத் தட்டினார்: ஓர் உலோக அடுக்கு குறைக்கப்பட்டது, எச்சரிக்கை மெயில் வந்தது, ஒப்படைத்த பிறகு டிசைன் தலைவர் தன் பெயர் எழுத்துகளுக்காக மேலடுக்கில் மின்சாரக் கம்பியை வெட்டினார். அச்செடுத்து மேசையில் வைத்தார்.

பேனா இன்னும் மூடியில்லாமல்தான் இருந்தது. காகிதத்தைக் கத்திரி பக்கம் நகர்த்தினேன்.

"பேர் போட ஆசைப்பட்டீங்களே சார். இங்க நிறைய இடமிருக்கு."

அவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. காகிதத்தின் அடியில், ஓரமாக, கையெழுத்துப் போட்டார். அதைப் படிக்க மைக்ரோஸ்கோப் வேண்டும் போலிருந்தது. சுழியும் இல்லை.

என் இடத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். மூன்று எழுத்தையும் கட்டத்தையும் அழித்தேன். மூலை வரைக்கும் கம்பியை நேராக இழுத்தேன்.